யாழ் தேவிக்கு ஒரு பயணச்சீட்டு

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஒன்பதாவது வயதில் நாட்டை விட்டுப் போனவன். மனைவி பிள்ளைகளோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வரப்போகிறானாம்.

"மாமா, கொழும்பில இருந்து யாழ்ப்பாணம் போக இணையத்தில எங்க மலிவா ரிக்கற் எடுக்கலாம்? ஒரு தளத்தில ஒரு விலை கிடக்கு, மற்றத்தில இரண்டு மடங்காக் கிடக்கு. எது சரியெண்டு தெரியேல்ல."

"கொஞ்சம் பொறு தம்பி, விசாரிச்சுச் சொல்லுறன்" என்று கூறி அழைப்பை முடித்துக்கொண்டேன்.

அவன் கேட்டதற்கு நான்கு வரியில் விடை சொல்லிவிடலாம். அதை இக்கட்டுரையின் முடிவில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் 'மலிவு' என்று அவன் சொன்ன அந்தச் சொல் என்னை விடவில்லை. இந்த நாட்டில் புகையிரதப் பயணச்சீட்டின் அச்சிட்ட விலை எந்தக் காலத்திலும் பெரிதாக இருந்ததில்லை. அந்தச் சீட்டு நம் கைக்கு வந்து சேர்வதற்கு நாம் கொடுத்த விலைதான் காலத்துக்குக் காலம் வேறுபட்டு வந்திருக்கிறது. அரை நூற்றாண்டு பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான்கு வரி விடைக்காகக் காத்திருக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

இலங்கையில் இருப்புப்பாதை பயணிகளுக்காகப் போடப்பட்டதன்று; கோப்பிக்காகப் போடப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களின் கோப்பியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்குள் காலமும் பணமும் கரைந்தன. தோட்டத்துரைமார் நெருக்கினார்கள். 1858இல் வேலை தொடங்கியது. 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடியது. 1865 ஒக்ரோபரில் பொதுப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. 1867இல் பாதை கண்டியைத் தொட்டது. கடற்கரையை ஒட்டி வெள்ளவத்தை வழியாகத் தெற்கே செல்லும் பாதை 1877இல் மொறட்டுவை வரை திறக்கப்பட்டது. மனிதர்கள் கோப்பி மூட்டைகளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டவர்கள்தாம்.

அந்த முதற்காலத் தமிழ்ப் பயணிகளில் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர். அவர்களுக்குக் கிடைத்த பயணச்சீட்டு ஒரு விசித்திரமான சீட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அது, தகரத்தில் செய்த ஒரு வில்லை. அதில் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். அதை வைத்திருப்பவர் கையில் ஒரு சதமும் இல்லாமல் தமிழ்நாட்டின் தட்டப்பாறை முகாமிலிருந்தோ மண்டபம் முகாமிலிருந்தோ புறப்பட்டுக் கப்பலும் ரயிலும் ஏறித் தோட்டத்து வாசல் வரை வந்துவிடலாம். தூத்துக்குடிக் கப்பலில் வந்தவர்கள் கொட்டாஞ்சேனைக்கு அடுத்திருக்கும் கொழும்புத் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள்.

கையில் காசில்லாதவனுக்குக் கிடைத்த பயணம். இதைவிட மலிவான சீட்டு உலகில் உண்டா? உண்மை வேறு. அந்தச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டம் அதைத் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதிக்கொண்டது. தேயிலைக் கொழுந்தைத் தொடுவதற்கு முன்னமே அவன் கடன்காரன். வழிச்செலவைத் தொழிலாளியிடமிருந்து அறவிடக் கூடாது என்ற ஏற்பாடு 1920களில்தான் வந்தது. இலவசமாகத் தரப்படும் சீட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது, அந்தத் தகர வில்லை எனக்குக் கற்றுத்தந்த முதற்பாடம்.

வடபகுதிக்கு ரயில் தாமதித்தே வந்தது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஒரு துண்டுப் பாதை திறந்தது. வன்னிக் காட்டையும் சதுப்பையும் கடந்து அது தெற்கோடு இணைந்து, கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை வண்டி ஓடியது 1905 ஓகஸ்டில். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்கு வருவதென்றால் கப்பலேற வேண்டும். அல்லது வன்னிக்கூடாக நாட்கணக்கில் வண்டியில் வரவேண்டும். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் இப்போது ஓர் இரவாகச் சுருங்கியது.

அந்த ஓர் இரவு ஒரு சமூகத்தின் வாழ்வையே மாற்றியது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர் கொழும்பு அரசாங்கக் கந்தோர்களை நோக்கிப் புறப்பட்டனர். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்ற பழமொழி பிறந்த காலம் அது. அரசாங்க உத்தியோகத்தருக்கு விடுமுறையில் ஊர் போய்வர ஆண்டுதோறும் சில இலவசப் பயண வாரண்டுகள் கிடைத்தன. அந்த வாரண்டுகளும் மூன்றாம் வகுப்புக் கட்டணமும் இல்லாதிருந்தால், வெள்ளவத்தை இன்றைய வெள்ளவத்தையாக ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன். கட்டணம் மலிவாக இருந்தபடியால்தான் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, கொழும்பில் நாலைந்து பேர் சேர்ந்து 'சமறி' போட்டு இருக்க முடிந்தது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி மணியோடராக ஊருக்குப் போயிற்று. பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் நல்லூருக்கும் ஆள் போயிற்று. பிறகு சமறிகள் வாடகை வீடுகளாயின. வாடகை வீடுகள் சொந்த வீடுகளாயின. ஒரு மூன்றாம் வகுப்புச் சீட்டு இரண்டு ஊர்களை ஒரே குடும்பமாக வைத்திருந்தது.

1914இல் தலைமன்னார்ப் பாதையும் பாம்பன் பாலமும் திறந்தபோது இன்னொரு அதிசயம் நிகழ்ந்தது. கொழும்பில் ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு இரவு மெயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறிச் சென்னைக்குப் போய்விடலாம். 'போட் மெயில்' என்று அதை அழைத்தார்கள். கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் இருந்த வணிகருக்கு அது வீட்டு முற்றத்து வழி போல இருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது.

அதே 1964இன் ஒக்ரோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று. 525,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, 150,000 பேரின் விதியைப் பிறகு பார்ப்பது என்பது இரு அரசுகளும் போட்ட கணக்கு. போட் மெயில் ஓடிய அதே தலைமன்னார்ப் பாதை இப்போது அவர்களை ஏற்றிச் சென்றது. அவர்களில் பலருக்கு இலங்கைதான் பிறந்த மண். இளம் நிருபராக நான் ஒருமுறை அந்த வழியனுப்புதலைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் இருந்தவர்களும் மேடையில் நின்றவர்களும் அழுத அழுகையில் வண்டி ஊதிய சத்தம் கேட்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது திரும்பி வராத சீட்டு. பாட்டனார் தகர வில்லையோடு வந்த வழியே பேரன் போனான்.

நான் பத்திரிகைக்குள் நுழைந்தது 1970களின் தொடக்கத்தில். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறையில் மூவர் இருந்தோம். எங்கள் கடிகாரம் கோட்டை நிலையத்து இரவு மெயில்தான். வெளியூர்ப் பதிப்பு அச்சாகி, பொதிகள் கட்டப்பட்டு, அந்த வண்டி புறப்படுமுன் மேடைக்குப் போய்விட வேண்டும். தவறினால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை பத்திரிகை இல்லை. பொதியோடு போகும் பையனுடன் நானும் சில இரவுகளில் கோட்டைக்குப் போவதுண்டு. அங்கே தமிழும் சிங்களமுமாக வரிசை நிற்கும்.

அக்காலத்துச் சீட்டை இளைய வாசகர்கள் சிலர் பார்த்திருக்கமாட்டார்கள். பெருவிரல் அகலத்தில் ஒரு தடித்த அட்டை. முகப்பில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் வகுப்பும் விலையும் அச்சாகியிருக்கும். கூடவே ஒரு வரிசை இலக்கம். கவுண்டரில் இருப்பவர் அதை ஓர் இரும்புப் பொறிக்குள் தள்ளுவார். 'டக்' என்ற ஒலியோடு திகதி பதியும். இதைக் கண்டுபிடித்தவர் தோமஸ் எட்மன்சன் என்ற ஆங்கிலேய நிலைய அதிபர். 1830களின் பிற்பகுதி அது. அதற்கு முன் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை சீட்டு விற்றது, எவ்வளவு பணம் வந்தது என்று சரிபார்க்க வழியிருக்கவில்லை. எட்மன்சன் ஒவ்வொரு அட்டைக்கும் தொடர் இலக்கம் இட்டார். கவுண்டருக்கு உள்ளே நடக்கும் களவை அந்த இலக்கம் பிடித்துக் கொடுத்தது. கவுண்டருக்கு வெளியே நடக்கும் களவை அதனால் பிடிக்க முடியவில்லை. பொங்கலுக்கு முதல் வாரத்தில் கோட்டையில் ஆசனச்சீட்டு 'முடிந்துவிட்டது' என்பார்கள். பத்தடி தள்ளித் தேநீர்க் கடை வாசலில் அதே சீட்டு ஒன்றரை மடங்குக்குக் கிடைக்கும். நானும் வாங்கியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

யாழ் தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. காலையில் கொழும்பில் ஏறினால் பிற்பகலில் யாழ்ப்பாணம். அந்த வண்டியின் பெயரே எங்களுக்கு ஊரின் பெயர் போலாயிற்று. அதனாலோ என்னவோ, நாட்டில் நெருப்புப் பிடித்தபோதெல்லாம் முதலில் சுட்டது அந்தப் பாதையைத்தான். 1977 ஓகஸ்டில் அநுராதபுர நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். சன்சோனி ஆணைக்குழு அதை விசாரித்தது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தபோது, அகதிகளானவர்களில் பெரும்பகுதியினர் ரயிலில் ஊர் போகவில்லை. 'லங்கா கல்யாணி' போன்ற கப்பல்களே அவர்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டு சென்றன. 1985 ஜனவரியில் முறிகண்டியில் யாழ் தேவி குண்டுவெடிப்பில் சிக்கியது. படையினரோடு பொதுமக்களும் இறந்தனர். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின.

கொழும்பின் தமிழர் மட்டுமே இந்தத் துயரைச் சுமந்தார்கள் என்று எழுதினால் நான் பத்திரிகையாளன் அல்லன். 1996 ஜூலை 24 மாலை, வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையமான தெஹிவளையில், வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் நிறைந்த ரயிலில் குண்டுகள் வெடித்தன. 64 பேர் மாண்டனர். விடுதலைப் புலிகள்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அன்றிரவு நான் அங்கே நின்றேன். மேடையில் சிதறிக் கிடந்த கைப்பைகளுக்கிடையே ஒரு சீசன் சீட்டு கிடந்தது. மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு இல்லை. அது இல்லாமற்போனபோதுதான் அதன் பெறுமதி விளங்கியது. கோட்டையிலிருந்து வவுனியா வரை ரயில் போகும். அதற்கப்பால் பாஸ், சோதனை, நடை, சைக்கிள், கிளாலிக் கடனீரேரியில் இரவுத் தோணி. தோணிக்காரர் கேட்ட பணம் பெரிதல்ல. மறுகரை சேர்வோமா என்பதுதான் பெரிது. பின்னர் இரத்மலானையிலிருந்து பலாலிக்கு விமானம் வந்தது. அதன் கட்டணத்தில் பழைய ரயிலில் ஒரு குடும்பமே பலமுறை போய்வந்திருக்கலாம். 1998 செப்டெம்பர் 29 பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேர் மாண்டனர்.

என் தாயார் 1994இல் ஊரில் காலமானார். செய்தி செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதமாகக் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் முடிந்திருந்தது. பணம் இல்லாமல் போகாதிருந்தவன் அல்லன் நான். அன்று என்னிடம் பணம் இருந்தது. கோட்டையில் கொடுத்துக் கேட்பதற்குச் சீட்டுத்தான் இருக்கவில்லை.

போர் முடிந்த பின், இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி. 2014 மார்ச்சில் பளை. 2014 ஒக்ரோபர் 13 யாழ்ப்பாணம். 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. அந்த ஒக்ரோபர் மாத இறுதியில் கோட்டை நிலையத்தில் வரிசையில் நின்று யாழ்ப்பாணத்துக்குச் சீட்டு வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற முதியவர் கவுண்டரில் சீட்டை வாங்கி, விலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் என்று அவருக்கும் தெரியும், வரிசையில் நின்ற எங்களுக்கும் தெரியும். என் சீட்டை நான் எறியவில்லை. அம்மாவின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இனி மருமகனின் கேள்விக்கு வருகிறேன்.

இலண்டனிலும் பாரிசிலும் ரயிலேறிப் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு மனத்தில் பதிந்திருக்கும்: முந்தி வாங்கினால் மலிவு, பிந்தி வாங்கினால் விலை. நம் நாட்டுப் புகையிரதத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. வகுப்புக்கும் வண்டிக்கும் விலை குறித்திருக்கிறது. முப்பது நாள் முன்னால் எடுத்தாலும் முதல்நாள் எடுத்தாலும் அதே விலை. ஆகவே 'மலிவான இணையத்தளம்' என்று ஒன்று இருக்க முடியாது. புகையிரதத் திணைக்களத்தின் சொந்த ஆசனப் பதிவுத் தளத்தில் உள்ளதே அடிவிலை. வேறெங்கும் நீங்கள் காணும் விலையில் மிகுதியெல்லாம் இடையில் நிற்பவருடையது. அவர் சேவைக்காக நேர்மையாகக் கேட்பவராக இருக்கலாம். சீட்டைப் பதுக்கி விற்பவராகவும் இருக்கலாம்.

பதுக்கல் கற்பனையன்று. எல்ல செல்லும் மலைநாட்டு ரயில் வெளிநாட்டுப் பயணிகளிடையே புகழ்பெற்ற பின், இணையச் சீட்டுகள் திறந்த கணத்திலேயே மறையத் தொடங்கின. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கண்டி–எல்ல வழியில் ஒரு வண்டியின் சீட்டுகள் 42 விநாடிகளில் தீர்ந்துபோனதாகப் போக்குவரத்து அமைச்சுத் தரப்பே கூறியது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது, கைதுகளும் நடந்தன. அதன்பின் இணையச் சீட்டில் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்தை வற்புறுத்தத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் இதே கதைதான். 2002இல் இணையத்தில் ரயில் சீட்டு விற்கத் தொடங்கிய நாடு, 2025 ஜூலையில் தட்கல் சீட்டுக்கு ஆதாரைக் கட்டாயமாக்க நேர்ந்தது. எட்மன்சன் அட்டைக்கு இலக்கம் இட்டார். இன்று பயணிக்கே இலக்கம் கேட்கிறார்கள். தேநீர்க் கடை வாசலில் நின்றவர் கணினிக்குள் குடிபுகுந்துவிட்டார் என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை.

மருமகனுக்கு நான் எழுதிய நான்கு வரிகள் இவை:

ஒன்று, திணைக்களத்தின் சொந்தத் தளத்துக்கே போ. பயண நாளுக்கு முப்பது நாள் முன்னர் பதிவு திறக்கும், திருவிழாக் காலத்தில் அன்றே எடுத்துவிடு. இரண்டு, பயணம் செய்பவரின் கடவுச்சீட்டு இலக்கத்தையே கொடு. அதைக் கையில் கொண்டு வா. மூன்று, ஆசனம் கிடைக்காவிட்டால் மனம் உடையாதே. முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டைக் கோட்டையில் வாங்கி, நேரத்தோடு மேடையில் நின்றால் எப்படியும் ஊர் போய்ச் சேரலாம். எல்லாவற்றிலும் மலிவு அதுதான். நான்கு, இரு மடங்கு விலை கேட்பவரிடம் வாங்காதே. வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்கள் புறப்படுகின்றன, அதில் வா.

அவன் உடனே பதில் எழுதியிருந்தான். அவன் மனைவிக்கு முன்பதிவு ஆசனம்தான் வேண்டுமாம். பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் யன்னலோரம் நின்று போக விரும்புகிறார்களாம். "மாமா, நீங்களும் வாறீங்களோ? உங்களுக்கும் சேர்த்து எடுக்கட்டோ?" என்று கேட்டிருந்தான்.

என் அடையாள அட்டை இலக்கத்தை அனுப்பிவைத்தேன்.